ஹப்புக்கு யாருங்க கரண்ட் குடுக்கிறது?

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கவும். பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியிற மாதிரிதான் எழுதப் பார்க்கிறேன். ஏன்னா இது கடைசியில நம்ம ஊர்ப் பசங்க தலையிலதான் வந்து விடியுது.

சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடறேன். ஒரு கம்ப்யூட்டர் போர்டுல என்னென்ன சிப் ஒட்டியிருக்கு, எதுக்கு எங்கேருந்து கரண்ட் போகுதுன்னு இயங்குதளத்துக்குப் புரியிற மாதிரி எழுதி, நாலு பேர் பார்க்கிற இடத்துல வைக்கிறது அந்தப் போர்டைச் செஞ்சவங்களோட வேலை. வாங்கினவன் வேலை இல்லை. பள்ளிக்கூடத்துக்கோ படிப்பகத்துக்கோ வாங்கறவங்க இதைக் கேட்டு வாங்கணும். இதுக்கு உதாரணமா நான் எடுத்துக்கறது ரொம்ப அற்பமான ஒரு பொருள். போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டியிருக்கிற யூஎஸ்பி ஹப்.

யூஎஸ்பி வந்தது 1996-ல். அதுக்கு முன்னாடி சீரியல் போர்ட், பேரலல் போர்ட், ஐஆர்க்யூ நம்பர்னு மண்டை காஞ்சவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். சொருகினா போதும். சொருகின பொருளே "நான் இன்ன கம்பெனி, என் நம்பர் இது, நான் ஒரு கீபோர்டு"ன்னு தன் ஜாதகத்தைத் தானே ஒப்பிச்சிடும். ஒரு பஸ்ஸுல 127 முகவரி வரைக்கும் குடுக்கலாம். ஹப்புக்குக் கீழ ஹப்னு அஞ்சு ஹப் வரைக்கும் சங்கிலியா நீட்டலாம். இயங்குதளத்துக்கு முன்கூட்டியே எதையும் எழுதிக் குடுக்க வேண்டியதே இல்லை.

இந்தப் பெருமையாலதான் சிக்கலே வந்தது. "யூஎஸ்பியைப் போய் எதுக்குங்க எழுதி வைக்கணும், அதுதான் தானாவே சொல்லிக்குமே?" அப்படின்னு விவரம் தெரிஞ்ச எஞ்சினியர்களே கேட்பாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிச் சொருகுற ஹப்புக்கு அது சரி. அதுக்கு ஒயர் வழியாவே 5 வோல்ட் போயிடுது, உடனே பேச ஆரம்பிச்சிடும். போர்டுல ஒட்டின ஹப் கதை வேற.

சின்னச் சின்ன ஆர்ம் போர்டுகள்ல, பிராசஸருக்குள்ள பெரும்பாலும் ஒண்ணோ ரெண்டோ யூஎஸ்பி கன்ட்ரோலர்தான் இருக்கும். வெளியில நாலு போர்ட் வேணும்னா, நடுவுல ஒரு ஹப் சிப்பை வெச்சு ஒட்டிடுவாங்க. அந்தச் சிப்புக்கு 3.3 வோல்ட் ஒரு ரெகுலேட்டர்லேருந்து வரும். அந்த ரெகுலேட்டரை ஆன் பண்றதும் ஆஃப் பண்றதும் பல போர்டுகள்ல மென்பொருள் கையில. ரீசெட் கால்னு ஒண்ணு உண்டு, அது பிராசஸரோட ஏதோ ஒரு பின்னுல போய் மாட்டியிருக்கும். சில சிப்புக்கு வெளியிலேருந்து 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கும் வேணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஹப் வாயைத் திறக்காது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஹப் பேசணும்னா கரண்ட் வேணும். கரண்ட் குடுக்கணும்னா அங்க ஒரு ஹப் இருக்குன்னு கர்னலுக்குத் தெரியணும். தெரியணும்னா ஹப் பேசணும். கரண்ட் கனெக்‌ஷனே குடுக்காத வீட்டுல போய் காலிங்பெல்லை அழுத்திட்டு, "யாரும் இல்லை போல"ன்னு திரும்பி வர்ற தபால்காரர் கதைதான். உள்ள மனுஷன் உட்கார்ந்திருக்கான். பெல் அடிக்கலை, அவ்வளவுதான்.

"என் லேப்டாப்புல இந்தப் பிரச்சினை வந்ததே இல்லையே"ன்னு கேட்கலாம். வராது. பீசி உலகத்துல பயாஸ் முதல்ல எழுந்திருச்சு, உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் கரண்ட் குடுத்து, ஏசிபிஐன்னு ஒரு அட்டவணையையும் தயாரா வெச்சுடும். எந்த யூஎஸ்பி போர்ட் வெளியில கண்ணுக்குத் தெரியும், எது பெட்டிக்குள்ள இருக்குங்கிற வரைக்கும் அதுல எழுதறதுக்கு இடம் இருக்கு. 2011-ல் நம்ம அரசு பிளஸ் டூ பசங்களுக்கு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்ப, சென்னை சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸையும் அதுல போட்டாங்க. அந்த பாஸ் லினக்ஸ் ஒவ்வொரு லேப்டாப்போட வயரிங்கையும் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கலை. பயாஸ் சொல்லிக் குடுத்துடுச்சு. சின்ன ஆர்ம் போர்டுகள்ல பெரும்பாலும் அப்படி ஒரு ஆள் கிடையாது.

அதுக்குப் பதிலா வந்ததுதான் டிவைஸ் ட்ரீ. இது புதுசு இல்லை. ஓப்பன் ஃபர்ம்வேர்னு சன் கம்பெனிக்காரங்க பயன்படுத்தினது, 1994-ல் ஐஇஇஇ 1275-ன்னு தரமாவே ஆச்சு. பவர்பிசி உலகத்துல புழங்கிச்சு. ஆர்ம் பக்கம் மட்டும் ஒவ்வொரு போர்டுக்கும் கர்னலுக்குள்ளயே ஒரு சி ஃபைல் எழுதிக் குவிச்சுட்டு இருந்தாங்க. 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குப்பையைப் பார்த்துச் சத்தம் போட்டார். அதுக்கப்புறம்தான் ஆர்ம் வண்டியும் டிவைஸ் ட்ரீ பக்கம் வேகமாத் திரும்பிச்சு. சுருக்கமா சொன்னா அது ஒரு எழுத்துக் கோப்பு. இன்ன முகவரியில இன்ன கன்ட்ரோலர், அதுக்குக் கீழ இன்ன சிப், அதுக்குக் கரண்ட் இங்கேருந்து, ரீசெட் இந்தப் பின்னுலேருந்து. டிரைவர் எப்படி வேலை செய்யணும்னு அதுல எழுதக்கூடாது. போர்டுல என்ன இருக்கோ அதை மட்டும்தான் எழுதணும்.

நம்ம ஊர் ஆளுங்களுக்குச் சொல்லணும்னா, கிராம நிர்வாக அலுவலர் வெச்சிருக்கிற அடங்கல் மாதிரி. இன்ன சர்வே நம்பர், இன்ன பயிர், தண்ணி எங்கேருந்து. நிலம் தானா வந்து சொல்லாது, எவனாவது போய்ப் பார்த்து எழுதணும். எங்க வாலாஜாபாத்துலேருந்து பஸ் ஏறினா உத்திரமேரூர். அங்க முதலாம் பராந்தகன் காலத்துல, 919-லயும் 921-லயும், ஊரை 30 குடும்பாப் பிரிச்சு யார் யார் சபைக்கு நிக்கலாம், யார் யார் நிக்கக்கூடாதுன்னு கோயில் சுவத்துலயே வெட்டி வெச்சிருக்காங்க. விதியைப் போட்டவங்களே அதை எல்லாரும் பார்க்கிற சுவத்துல எழுதியும் வெச்சாங்க. ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சுப் போர்டு விக்கிறவங்களுக்கு இது வரலை. (ஆரம்பிச்சுட்டான்யா பழம்பெருமைன்னு திட்டாதீங்க, இதோட விட்டுடறேன் :-))

யூஎஸ்பியை டிவைஸ் ட்ரீல எழுதறதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் ராஸ்பெர்ரி பை. 2012-ல் வந்த முதல் மாடல் பி-யில ஹப்பும் ஈதர்நெட்டும் சேர்ந்த ஒரே சிப், எஸ்எம்எஸ்சி கம்பெனியோட லான் 9512. அப்புறம் வந்த மாடல்கள்ல நாலு போர்ட்டோட 9514. இந்த ஹப்புக்கு கரண்ட் எப்பவும் இருக்கும், அது தானாவே பேசும். அப்ப எதுக்கு எழுதணும்? ஈதர்நெட்டோட மேக் முகவரிக்காக. காசை மிச்சம் பிடிக்க, முகவரி வைக்கிற தனி மெமரி சிப்பை அந்தப் போர்டுல போடலை. போர்டோட சீரியல் நம்பர்லேருந்து முகவரியைக் கணக்குப் போட்டு, ஃபர்ம்வேர் அதை டிவைஸ் ட்ரீல எழுதிக் குடுக்கும். எந்தப் பொருளுக்கு அந்த முகவரின்னு சொல்லணும்னா, கன்ட்ரோலர், அதுக்குக் கீழ ஹப், அதுக்குக் கீழ ஈதர்நெட்டுன்னு வம்சாவளி எழுதித்தானே ஆகணும்? ஆக, தானே பேசுற பொருளுக்கும் தனக்கே தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கலாம். "யூஎஸ்பியை எழுத வேண்டியதில்லை"ங்கிற வாதம் அங்கயே அடிபட்டுப் போச்சு.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். ரொம்ப நாளா ஆளாளுக்கு ஒட்டுப் போட்டுத்தான் ஓட்டினாங்க. ரெகுலேட்டரை "எப்பவும் ஆன்"னு எழுதிடறது ஒரு வழி. ஹப்புக்குப் போற கரண்டை, கன்ட்ரோலருக்குப் போற கரண்டுன்னு பொய்க் கணக்கு எழுதறது இன்னொரு வழி. ஹைகீ 960-ன்னு ஒரு போர்டு, அதுல டைப்-சி போர்ட்டும் உள்ளே இருக்கிற ஹப்பும் ஒரே கன்ட்ரோலரைப் பங்கு போட்டுக்கும். அதுக்காகவே கர்னல்ல தனி டிரைவர் எழுதி வெச்சாங்க. நடுவுல எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பவர் வரிசை நூலகம் எழுத முயற்சி நடந்து, பல பதிப்பு போயும் உள்ள சேரலை.

2020 செப்டம்பர்ல கூகுளோட குரோம் ஓஎஸ் பக்கம் வேலை செஞ்ச மத்தியாஸ் கேல்கே ஒரு பேட்ச் அனுப்பினார். அவங்க குரோம்புக் போர்டுல ரியல்டெக் ஹப் ஒட்டியிருந்தது. மூடி வெச்சாலும் ஹப் கரண்ட் குடிச்சுக்கிட்டே இருக்கிறதுதான் அவங்க தலைவலி. முதல்ல ஹப்புக்குத் தனியா ஒரு பகுதி எழுதற மாதிரி கொண்டுவந்தார். டிவைஸ் ட்ரீ பராமரிக்கிறவங்க ஒத்துக்கலை. ஹப் நிஜத்துல எங்க தொங்குதோ, அந்தக் கன்ட்ரோலருக்குக் கீழதான் அதை எழுதணும்னுட்டாங்க. எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிச்சிருக்கு. எழுதறவனோட வசதிக்காக வரைபடத்துல வீட்டை நகர்த்த முடியாதில்லையா? இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பு போய், 2022 அக்டோபர்ல வந்த லினக்ஸ் 6.0-ல அந்த டிரைவர் சேர்ந்துச்சு. ஒரு ஹப்பை ஆன் பண்றதுக்கு ரெண்டு வருஷம்!

அது செய்யிற வேலை ரொம்ப எளிமையானது. கன்ட்ரோலர் எழுந்திருக்கும்போதே, அதுக்குக் கீழ ஹப் எழுதியிருக்கான்னு பார்க்கும். இருந்தா, யூஎஸ்பி பேச்சு வார்த்தைக்குக் காத்திருக்காம ரெகுலேட்டரை ஆன் பண்ணி, ரீசெட்டை விடுவிச்சுடும். அப்புறம் ஹப் வழக்கம்போல தானே வந்து ஆஜர் சொல்லும். மெஷின் தூங்கப் போகும்போது, எழுப்பிவிட வேண்டிய கீபோர்டு மாதிரி எதுவும் அதுல மாட்டலைன்னா கரண்டை நிறுத்திடும்.

இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி ஒண்ணு. யூஎஸ்பி 3 ஹப் பார்க்கிறதுக்கு ஒரே சிப். ஆனா கர்னல் கண்ணுக்கு அது ரெண்டு ஹப். யூஎஸ்பி 2 கம்பிகள்ல ஒண்ணு, யூஎஸ்பி 3 கம்பிகள்ல இன்னொண்ணு. அந்த ரியல்டெக் சிப்பே ஒரு பக்கம் 5411-ன்னும் மறுபக்கம் 411-ன்னும் ரெண்டு நம்பர் சொல்லும். ஒரே ஆளுக்கு ரெண்டு ரேஷன் கார்டு. ஒரு கார்டுக்காரர் தூங்கிட்டார்னு கரண்டை நிறுத்தினா, இன்னொரு கார்டுக்காரரும் சேர்ந்து சாவார். அதனால "இவனும் அவனும் ஒரே ஆள்"னு டிவைஸ் ட்ரீல ரெண்டு பக்கமும் எழுதணும். எந்த மின்சாதனமும் தானா வந்து இதைச் சொல்லாது, பார்த்தவன்தான் எழுதணும்.

சரி, வாலாஜாபாத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பக்கத்துக் கிராமத்துல இளைஞர்கள் நடத்துற படிப்பகம் ஒண்ணு இருக்கு. ஒரு கம்பெனி நன்கொடையா எட்டு குட்டிக் கம்ப்யூட்டர் குடுத்திருந்தாங்க. உள்ளங்கை அகல ஆர்ம் போர்டு, பிளாஸ்டிக் பெட்டி, பின்னாடி நாலு யூஎஸ்பி. அதுல இருந்தது 4.4 கர்னல். அந்தக் கர்னல் வரிசைக்கு ஆதரவு 2022 பிப்ரவரியோட முடிஞ்சு போச்சு. பிரவுசரும் அதே வயசு. குரூப் 4-க்கு விண்ணப்பம் போடுற பக்கத்தைத் திறந்தா, பாதி வந்து நின்னுடும். படிப்பகத்துல இருக்கிற பையன் போன் பண்ணி, "அண்ணா, பொண்ணுங்க எல்லாம் காஞ்சிபுரம் போய் பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்துப் போடுதுங்க. இங்க எட்டு பொட்டி சும்மா கெடக்குது"ன்னான்.

விற்ற கம்பெனிக்குக் கூப்பிட்டோம். "அது பழைய மாடல் சார். புது மாடல் வந்திருக்கு, கொட்டேஷன் அனுப்பட்டுமா?"

டெபியன் 13 போட்டேன். யாரோ புண்ணியவான் அந்தப் போர்டுக்கான அடிப்படை டிவைஸ் ட்ரீயைக் கர்னல்ல சேர்த்திருந்தார். மெமரி கார்டு, ஈதர்நெட், எச்டிஎம்ஐ எல்லாம் ஓடுது. லாகின் திரை அழகா வந்து நிக்குது. கீபோர்டு செத்தது, மவுஸ் செத்தது. நாலு போர்ட்லயும் உயிர் இல்லை. நெட்வொர்க் வழியா உள்ள போய்ப் பார்த்தா, யூஎஸ்பி பட்டியல்ல கன்ட்ரோலர் மட்டும் தனியா உட்கார்ந்திருக்கு. ஹப்பைப் பத்தி டிவைஸ் ட்ரீல மூச்சே இல்லை.

பெட்டியைக் கழட்டி லென்ஸ் வெச்சுப் பார்த்தா ஹப் சிப் மேல 2514-ன்னு இருக்கு. இது மைக்ரோசிப் கம்பெனியோட நாலு போர்ட் ஹப், ஊர் உலகமெல்லாம் புழங்குறது. டிரைவர் பட்டியல்ல ஏற்கெனவே இருக்கு. யூஎஸ்பின்னு போட்டு 424, ஒரு கமா, 2514. அதான் அதோட பேர். ரீசெட் எந்தப் பின்? கம்பெனியோட பழைய இமேஜ்லேருந்து டிவைஸ் ட்ரீயை எடுத்து, டிடிசிங்கிற கருவியால மறுபடி எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். அவங்களா வெச்சுக்கிட்ட ஒரு பேர்ல, வேற யாரும் தேடாத மூலையில ஒளிஞ்சுட்டு இருந்துச்சு அந்த நம்பர். அவங்க கர்னல் அதைப் படிச்சு தானே ஆன் பண்ணிக்கும். வேற எந்தக் கர்னலுக்கும் அந்தப் பேர் புரியாது.

கன்ட்ரோலருக்குக் கீழ ஆறேழு வரி. ஹப், அதோட பேர், முதல் போர்ட்டுல இருக்கு, ரீசெட் இந்தப் பின், தாழ்ந்திருந்தா ரீசெட்டுன்னு அர்த்தம். அவ்வளவுதான். கம்பைல் பண்ணி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினா கீபோர்டுல பச்சை விளக்கு எரிஞ்சுது. எட்டு பொட்டிக்கும் நெட்வொர்க் வழியா காப்பி பண்ண அரைமணி நேரம்.

அந்த வரிகளைக் கர்னலுக்கு அனுப்பினேன். பார்த்தவர் நியாயமா ஒண்ணு கேட்டார்: ஹப்புக்குக் கரண்ட் எந்த ரெகுலேட்டர்லேருந்து வருது, அதையும் எழுதுங்க. சர்க்யூட் படம் இல்லாம எப்படிச் சொல்றது? கம்பெனியைக் கேட்டா "அது கான்ஃபிடென்ஷியல் சார்". மல்டிமீட்டரைப் பீப் சத்தத்துல வெச்சுக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத பின்னுகளை ஒவ்வொண்ணா தொட்டுத் தேடினேன். செஞ்சவங்க கையில படம் இருக்கு, அவங்களுக்கு இது அரை நாள் வேலை. எனக்கு மூணு ஞாயித்துக்கிழமை போச்சு.

என்னங்க ரகசியம் இதுல? சிப் நம்பர் சிப் மேலயே அச்சடிச்சிருக்கு. ரீசெட் கம்பியை மல்டிமீட்டர் காட்டிக் குடுத்துடுது. போட்டிக் கம்பெனிக்காரன் நினைச்சா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவான். அந்த ரகசியத்தால தடுக்கப்படுறது படிப்பகம் நடத்துற பையன் மட்டும்தான்.

எதிர்த்துச் சொல்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு. இந்த டிரைவருக்குள்ள ஹப் நம்பர்களோட ஒரு பட்டியல் இருக்கு. புது ஹப் சிப் வந்தா அந்தப் பட்டியல்லயும் ஒரு வரி சேர்க்கணும், இல்லைன்னா சரியா எழுதியும் பிரயோஜனமில்லை. யூஎஸ்பியோட அழகே போச்சுன்னு புலம்புறாங்க, எனக்கும் அது எரிச்சல்தான். ஆனா ஒவ்வொரு சிப்புக்கும் ரீசெட்டை எத்தனை மைக்ரோ செகண்டு பிடிக்கணும், எத்தனை கரண்ட் இணைப்புங்கிறது வேற வேறயா இருக்கே, அதை எங்கயாவது ஒரு இடத்துல வெச்சுத்தானே ஆகணும். "ரெகுலேட்டரை எப்பவும் ஆன்ல போட்டுட்டுப் போய்யா"ன்னு சொல்றவங்களுக்கு: வேலை செய்யும். பேட்டரியில ஓடுற பொருள்ல போட்டுட்டு, ராத்திரி மூடி வெச்சுட்டு, காலையில வந்து பாருங்க. இது ஹப்போட நிக்கிற விஷயமும் இல்லை. 2024-ல் லினக்ஸ் 6.10 வந்தப்ப டிரைவரோட பேர்ல இருந்த "ஹப்"பை எடுத்துட்டு "டிவைஸ்"னு மாத்திட்டாங்க. எக்ஸ்மாஸ் கம்பெனியோட மைக் சிப் மாதிரி, போர்டுல ஒட்டின மத்த யூஎஸ்பி பொருள்களும் இதே சிக்கலோட வரிசையில நின்னுச்சு.

எங்க ஊர்லேருந்து வண்டலூர் ரோட்டைப் பிடிச்சா ஒரகடம், அங்கேருந்து திரும்பினா ஸ்ரீபெரும்புதூர். 2006-லேருந்து 2014 வரைக்கும் நோக்கியா இருந்த இடம். இப்பவும் இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க ஷிஃப்ட் பஸ்ஸுல போய் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள்ல வேலை பார்க்குதுங்க. ஐஐடி மெட்ராஸ்காரங்க சக்தின்னு பிராசஸரே செஞ்சு 2018-ல் அதுல லினக்ஸ் ஓட்டினாங்க. அதுவும் ரிஸ்க்-ஃபைவ் வகை, டிவைஸ் ட்ரீ பழக்கம் அங்கயும் உண்டு. கர்னல் பராமரிப்பாளர் பட்டியல்ல மணிவண்ணன் சதாசிவம்னு பேர் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். ஆள் இல்லை, அறிவு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. வாங்கறவங்க கேட்கறதில்லை, அதுதான் குறை. டெண்டர்ல ரேம் எவ்வளவு, கார்டு எவ்வளவு, எத்தனை வருஷம் வாரண்டின்னு பக்கம் பக்கமா இருக்கும். "இந்தப் போர்டின் முழு விவரமும் பொதுக் கர்னலில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், சர்க்யூட் படம் தர வேண்டும்"னு ஒரு வரி இருந்தா, கம்பெனி தானா அந்த அரை நாளைச் செலவு பண்ணும். கல்லூரி, பஞ்சாயத்து, நன்கொடை குடுக்கிற கம்பெனின்னு எங்கயாவது கொள்முதல் கமிட்டியில உட்கார்ற பதிவர்கள் இதைப் படிச்சா, அந்த வரியை அப்படியே வெட்டி ஒட்டிக்கலாம். எனக்கு நன்றி எல்லாம் போட வேண்டாம்.

படிப்பகத்துல இப்ப எட்டும் ஓடுது. ஹெட்போன் ஓட்டை மட்டும் இன்னும் ஊமை. அந்த ஆடியோ சிப்பையும் யாரும் எழுதி வைக்கலை, அடுத்த ஞாயிறு அதான் வேலை.

பி.கு.: உங்க பள்ளிக்கூடத்துலயோ ஆபீஸ்லயோ இதே மாதிரி குட்டிப் பொட்டி "கீபோர்டு வேலை செய்யலை"ன்னு பரண்ல கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி கழட்டிப் பாருங்க. யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பின்னாடி சின்னச் சதுரமா ஒரு சிப் இருக்கும். அது மேல இருக்கிற நம்பரையும், பழைய மெமரி கார்டு இமேஜையும் பத்திரமா வெச்சுக்கிட்டு ஒரு பின்னூட்டம் போடுங்க. இமேஜை மட்டும் அழிச்சுடாதீங்க, ரீசெட் பின் நம்பர் அதுக்குள்ளதான் இருக்கும்.